எரிந்த லாரியின் கொள்ளளவு

குவைத் எல்லையில் வண்டிகளைக் கழுவுகிறார்கள்.
ஈராக் மண் ஒரு சிட்டிகைகூட
அமெரிக்காவுக்குள் வரக்கூடாது, உத்தரவு.
சக்கரத்தின் உள்மடிப்பில்
பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் துழாவுகிறான் ஒருவன்.
நான் தகரக் கூரையடியில்
மடக்கு மேஜைமேல் பேரேட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டு வாங்கியதைக்
கையோடு திருப்பித் தர வேண்டும்.
இல்லையென்றால் சம்பளத்தில் பிடித்தம்.
தூக்கப்பை. தண்ணீர்ப்பை.
முழங்கால் கவசம், இடது மட்டும் இருக்கிறது.
வலது எங்கே?

விட்டுவந்த முகாமில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
அறுபது ஜெனரேட்டர், ஒரு பீட்சா அடுப்பு,
பதினொரு கிலோமீட்டர் கான்கிரீட் சுவர்,
எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒப்படைத்தார் கர்னல்.
பேனா நன்றாக எழுதுகிறது என்றார்.
அவரிடம் யாரும் எதையும் பிடிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு லாரி உண்டு.
ஏப்ரலில், திவானியா சாலையில் எரிந்தது.
ஓட்டிப்போனவன் ஃபாண்டனோ,
லூசியானாக்காரன், இறால் படகுக் குடும்பம்,
கியர் மாற்றும்போதெல்லாம் ஏதாவது முணுமுணுப்பான்.
அவன் தலைக்கவசத்துக்கு எதிரே
'போர் இழப்பு, கட்டணமில்லை' என்று எழுதியவள் நான்.

மறுவாரம் ஒருவன் வந்து
என் கூடாரத் துணியும் அந்த லாரியில்தான் இருந்தது என்றான்.
எழுதினேன்.
இன்னொருவனுக்கு இரண்டு ரேடியோ பேட்டரி.
ஒரு மருத்துவனுக்கு ஸ்ட்ரெச்சர்.
சமையல்காரருக்கு
நாற்பது லிட்டர் அண்டா, மூடியோடு.
டிசம்பருக்குள் அந்த ஐந்து டன் லாரி
ஒரு கப்பல் சரக்கைச் சுமந்துகொண்டிருந்தது.
மேஜர் ஒருநாள் கூட்டிப் பார்த்தார்.
புருவம் ஏறியது, பிறகு தானே இறங்கியது.
அவருடைய துப்பாக்கி உறையும் அதில் இருந்தது.

கடைசியாக வந்தவன் டல்லி.
வயோமிங் பையன், இருபது வயதுக்கு ஒரு மாதம் பாக்கி.
பைனாகுலர் ஒன்று குறைந்தது.
நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
லாரியில்தானே?

இல்ல சார்ஜென்ட். கால்வாய்ல.
குனிஞ்சேன், விழுந்துடுச்சு.

நானூற்றுப் பன்னிரண்டு டாலர், தெரியுமா?
தெரியும்.
இரண்டு மாதம் பிடிப்பார்கள்.
பிடிக்கட்டும்.

பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன்.
வீரம் காட்டுகிறவன் முகமில்லை அது.
உதட்டில் காய்ந்த தோலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அன்னைக்கு லாரிய ஏத்தினது நான், என்றான்.
நாலு டயர், தண்ணி பாட்டில், ஒரு தபால் மூட்டை.
பாதி காலி.
லேசா இருக்கு, சீக்கிரம் போயிடலாம்னு சொல்லிட்டுப் போனான்.
நீங்க எல்லாரும் ஏத்திக்கிட்டே இருக்கீங்க.
இதையும் அவன் தலையில கட்டாதீங்க.

தூரத்தில் தண்ணீர் பீச்சும் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.

படிவத்தை எடுத்தேன்.
பெயர், எண், பொருள், விலை.
காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதும்போது
எழுத்து கொஞ்சம் கோணிற்று.
ரசீது கேட்டான். கொடுத்தேன்.
நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டான்.

அவன் போனபின்
லாரியின் பக்கங்களை முதலிலிருந்து புரட்டினேன்.
பதினேழாம் வரியில் ஒரு மழைக்கோட்டு, நடுத்தர அளவு.
என்னுடையது.
ஏதோ ஒரு விமான நிலைய நாற்காலியில் விட்டது,
எந்த ஊர் என்றுகூட நினைவில்லை.
அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன்.
அந்த வரியை அடித்தால்
மொத்தம் மாறும்,
மொத்தம் மாறினால் விசாரணை வரும்,
விசாரணை வந்தால் அண்டாவும் வரும், உறையும் வரும்.
அடிக்கவில்லை.

பேரேட்டை மூடும்போது தகரத்தில் சடசடவென்று கேட்டது.
டிசம்பரில் இங்கே சில நாள் அப்படித்தான், மழை.
முகாம் பேருந்து முந்நூறு அடி தள்ளி நின்றது.
பேரேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நனைந்தபடி நடந்தேன்.